நான்தானுங்க

"அந்த மனுஷன் பாக்க எப்படிடி இருப்பார்?" என்று அக்கா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, மீசை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். நானும் சொல்வேன். மாநிறம். நடுத்தர உயரம். மீசை உண்டு, இருக்கிறது என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும். இடது புருவத்தில் ஒரு தழும்பு, சின்ன வயதில் கன்றுக்குட்டி முட்டியதாம். "அவ்வளவுதானா?" என்பாள். அவ்வளவுதான். மைசூர் மார்க்கெட்டுக்குள் பத்து நிமிஷம் நடந்தால் அதே மாதிரி இருபது முகம் எதிரே வரும். அந்த முகத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் அவர் அத்தனை வருஷம் வேலை பார்த்தார். அக்கா இன்று மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதும் அதனால்தான். அவளோ அவரை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

மண்டி மொஹல்லாவைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிற இருபது படுக்கை நர்சிங் ஹோமில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அவர் எங்களுக்குக் கொள்முதல் ஆள். பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, சலைன், ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று வெளியிலிருந்து வர வேண்டிய எதுவும் அவர் வழியாகத்தான் வரும். ஊர் ஹனூர்ப் பக்கம். வீட்டம்மாவும் கொஞ்சம் நிலமும் அங்கே. சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், திங்கட்கிழமை காலையில் ஒரு பையோடு வந்து இறங்குவார். பனிக்காலம் முழுக்க அந்தப் பையில் அவரைக்காய் இருக்கும். எங்களுக்குக் கொடுப்பது ஒரு பிடி. மீதியெல்லாம் கடைக்காரர்களுக்கும் சுமை ஏற்றுகிறவர்களுக்கும் போகும்.

போனில் பேசத் தெரியாது அவருக்கு. ஒரு பட்டன் போன் வைத்திருந்தார். யாரைக் கூப்பிட்டாலும் எடுத்த எடுப்பில் "நான்தானுங்க" என்பார். பெயரைச் சொல்ல மாட்டார். அந்தப் பக்கத்தில் "யாரு?" என்று கேட்டால் இன்னும் உரக்க, "அட நான்தானுங்க, நான்!"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அண்ணே, நான்னா யாருண்ணே? உலகத்துல எல்லாரும் நான்தான். பேரைச் சொல்லித் தொலைங்களேன்" என்று கத்துவேன்.

"மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சுக்குவாங்க அம்மிணி. இருங்க, நேர்லயே போயிட்டு வந்தர்றேன்" என்று மொபெட்டை உதைத்துக் கிளப்பிவிடுவார். இரண்டு நிமிஷப் பேச்சுக்கு அரை நாள் போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவை கையுறைப் பெட்டி வந்தது, பாதி கிழிசல். நான் போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பி, நாலு வார்த்தை சுடச்சுட எழுதியும் விட்டேன். அவரும் நாலு வார்த்தை திருப்பி எழுதினார். ரெண்டு நாள் இந்தச் சண்டை நடந்தது. மூன்றாம் நாள் அண்ணன் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். பேசவே இல்லையாம். "ஊட்ட ஆய்த்தா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார், சாப்பாடு ஆச்சா என்று எதிரே வருகிற எல்லோரையும் கேட்பது அவர் வழக்கம். பிறகு ஒரு கையுறையை எடுத்துக் கடைக்காரர் கையிலேயே மாட்டிவிட்டு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விரல் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். மத்தியானத்துக்குள் புதுப் பெட்டி வந்துவிட்டது.

"என்ன மந்திரம் போட்டீங்க?" என்றேன்.

"மந்திரம் என்னுங்க. போன்ல திட்டினா அவரும் திட்டுவாரு. எதுக்க உக்காந்துட்டா மனுசனுக்குச் சித்த யோசனை வருமுங்க."

வியாழக்கிழமை ஆனால் அவரைப் பிடிக்கவே முடியாது. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருக்கிற ஆக்ஸிஜன் நிரப்பும் ஆலைக்குப் போய்விடுவார். சிலிண்டர் தேவைப்பட்டாலும் போவார், தேவைப்படாவிட்டாலும் போவார். அங்கே அனுப்பும் வேலையைப் பார்க்கிறவரைக் கவுடர் என்பார்கள். அவரோடும் சுமை ஏற்றுகிறவர்களோடும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முதுகுவலி என்று எல்லாம் கேட்டுக்கொண்டு வருவார். வாசலில் நின்று கன்னடத்தில் "நானு பந்தித்தீனி" என்று ஒரு குரல் கொடுப்பாராம், நான் வந்திருக்கேன் என்று. கதவு திறந்துவிடும். பெயர் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு அவர் ஹனூர் அண்ணா.

சும்மா சொல்லக்கூடாது, தொந்தரவும் கொடுத்திருக்கிறார். ஒரு சுமைக்காரரின் அப்பா இறந்துபோனார் என்று இங்கே ஆபரேஷன் நாளன்று காணாமல் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. மொட்டைவெயிலில் கறுத்துப்போய்ச் சாயங்காலம்தான் வந்து நின்றார். "சாவு வீட்டுல மூஞ்சி காட்டாம இருக்கலாமுங்களா?" என்றார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன்.

பிறகு எங்கள் டாக்டரின் மகன் நிர்வாகத்துக்கு வந்தான். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றான். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அண்ணன் மாதத்தில் எத்தனை மணி நேரம் வெளியே சுற்றுகிறார் என்று உட்கார்ந்து கணக்கெடுத்துக் கொடுத்தவள் நான்தான். ஆக்ஸிஜனுக்குப் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியைப் பிடித்தோம். செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி வந்துவிடும். வண்டி எங்கே வருகிறது என்று படத்திலேயே பார்க்கலாம்.

அண்ணன் அடுத்த வியாழக்கிழமையும் மொபெட்டை எடுத்தார். நான் வாசலிலேயே மறித்தேன். "எங்க போறீங்க? அங்க இனிமே நமக்கு வேலையே இல்லை. நீங்க ஊர் சுத்தறதுக்கு ஆஸ்பத்திரி சம்பளம் குடுக்கணுமா?"

அவர் மொபெட்டிலிருந்து இறங்கினார். பிறகு வண்டியை ஸ்டாண்டு போட்டார். "சரிங்க மேடம்" என்றார்.

ஆட்கள் எதிரே அவர் என்னை மேடம் என்பதுண்டு. தனியாக இருக்கும்போது அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவர் ஆலைப் பக்கமே போகவில்லை. எட்டு மாசம்.

கொரோனா இரண்டாவது அலை வந்தபோது எங்கள் இருபது படுக்கையும் நிரம்பி, வராந்தாவிலும் கட்டில் போட்டோம். ஆக்ஸிஜனில் பதினோரு பேர் இருந்தார்கள். நாலாம் நம்பர்க் கட்டிலில் என் அக்கா. எனக்கு அவளைவிட்டால் யாரும் இல்லை. அம்மா போன பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, கட்டிக்கொடுத்து, புருஷன் போனபோது திரும்பக் கூட்டிவந்து வைத்துக்கொண்டவள் அவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ஸ்டோருக்கே வந்துவிட்டார். "நாலு மணி வரைக்கும்தான் தாங்கும்" என்றார். "எவ்வளவு குறைச்சு விட்டாலும் நாலு மணி."

செயலியில் எங்கள் வண்டி புறப்பட்டுவிட்டதாக இரண்டு நாளாகக் காட்டியது. படத்தில் ஒரு குட்டி லாரி, அதே வளைவில், அதே இடத்தில். கம்பெனி நம்பரை எத்தனை தரம் அழுத்தினேனோ தெரியாது. ஒரு பெண் குரல் எங்கள் அழைப்பு மிகவும் முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மற்ற ஏஜெண்டுகள் எல்லோரும் போனை அணைத்துவிட்டார்கள். போன் கைநழுவிக் கீழே விழுந்தது. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணன் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"அண்ணே," என்றேன். அழுதுவிட்டேன். "கவுடர்கிட்ட போங்கண்ணே."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க அம்மிணி போறது? எட்டு மாசம் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலீங்களே."

"என் தப்புண்ணே. நான்தான் தடுத்தேன்னு சொல்லுங்க. நானும் வர்றேன். என்னைக் காட்டிச் சொல்லுங்க. அக்கா செத்துருவாண்ணே."

அவர் எழுந்து, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, லக்கேஜ் ஆட்டோவைக் கூப்பிடப் போனார்.

ஆறு காலி சிலிண்டரோடு போய்ச் சேர்ந்தோம். ஆலை வாசலில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். ஆம்புலன்ஸ், கார், ஸ்கூட்டர், ஆளாளுக்கு ஒரு சீட்டு, ஆளாளுக்குக் காதில் ஒரு போன். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். கண்ணுக்குக் கீழே எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். உள்ளே மேடையில் கவுடர் நிற்பது தெரிந்தது. அவர் கூட்டத்தைப் பார்ப்பார், தலையைக் குனிந்துகொள்வார்.

"நானு பந்தித்தீனி!" என்று அண்ணன் கத்தினார். அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? இன்னொரு தரம் கத்தினார். யாரோ ஒரு போலீஸ்காரர் பின்னால் போகச் சொன்னார். பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. நான் மணியைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அண்ணன் ஆட்டோவின் பின்பக்கம் ஏறினார். கட்டியிருந்த சிலிண்டர்மேல் கால் வைத்து, டிரைவர் தலைக்குமேல் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள், அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? கால்சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாஸ்க்கைப் போடுங்கண்ணே! கர்த்தரே, பைத்தியமா உங்களுக்கு?"

"போட்டுட்டா நான் யாரோ அம்மிணி," என்றார்.

அப்படியே நின்றார். கையை ஆட்டவில்லை, கத்தவில்லை. சுற்றிலும் இருமலும் அழுகையும். தலைக்குமேல் வெயில். கால் மணியோ அரை மணியோ போயிருக்கும். உள்ளே சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "ஏ! ஹனூர் அண்ணா!" என்று கூவினான்.

கவுடர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தன்னுடைய மாஸ்க்கையும் கீழே இழுத்தார். இரண்டு பேரும் கன்னடத்தில்தான் பேசினார்கள்.

"எட்டு மாசம்," என்றார் கவுடர். "அவரைக்காய் சீசன் வந்தே போயிடுச்சு. செத்துட்டீங்களோன்னு நினைச்சோம்."

இதோ என்னைக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். காட்டவில்லை. "என் தப்புதான். வந்திருக்கணும், வரல" என்றார்.

"லிஸ்ட்ல உங்க ஆஸ்பத்திரி பேரே இல்லையே. எதை வெச்சு நான் குடுக்கட்டும்?"

"பேரு இல்லதான். நான் வந்திருக்கேன். பதினோரு பேர் படுத்திருக்காங்க. நாலு மணிக்குமேல தாங்காது. அதுல ஒருத்தர் இவங்க அக்கா."

கவுடர் என்னைப் பார்த்தார். மாஸ்க்கும், மூச்சில் மங்கிப்போன மூக்குக்கண்ணாடியும்தான் தெரிந்திருக்கும். மறுபடி அண்ணனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பக்கத்துக் கேட்டுக்கு வாங்க. ஆறு" என்றார்.

அந்த ஆறும் வானத்திலிருந்து வரவில்லை. வரிசையில் நின்ற யாருக்கோ சேர வேண்டியது. அதை மறைத்தால் நான் பொய் எழுதினவளாவேன். எங்கள் ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண், ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் ஒற்றைச் சிலிண்டரை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இடுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடிகாலையிலிருந்து நிற்கிறாளாம். அவளுக்கு இங்கே யாரையும் தெரியாது. அவளை நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அண்ணனால் அது முடியாதே. இறங்கும்போது, "ஊட்ட ஆய்த்தாம்மா?" என்று கேட்டுவிட்டார். அவள் பதில் சொல்ல மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். பேச்சு வரவில்லை, உதடு மட்டும் கோணியது.

அண்ணன் சுமைக்காரரிடம் திரும்பி, "நமக்கு அஞ்சு போதும். ஒண்ணு இந்தம்மாவுக்கு நிரப்பிக் குடுத்துரு" என்றார்.

"அண்ணே!" என்று அலறினேன். "எங்க அக்கா அங்க செத்துக்கிட்டிருக்கா!"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"மூஞ்சியப் பாத்துட்டனே அம்மிணி. இனி என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

திரும்புகிற வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. வெறுத்தேன். அக்காவின் பங்கை எடுத்து யாருக்கோ கொடுத்த மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். மூன்று மணிக்கு ஐந்து சிலிண்டரும் மாட்டினோம். சாயங்காலம் கவுடர் தன் வண்டியிலேயே இன்னும் ஆறு அனுப்பினார். மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. எங்கள் இடத்தில் காற்று இல்லாமல் ஒருவரும் போகவில்லை. அக்கா பிழைத்தாள்.

ஆறாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். அந்த வாசலில் ஒட்டியதா, எங்கள் வராந்தாவில் ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் கட்டில் இல்லை. கொஞ்ச தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் இடம் கிடைத்தது. பார்வையாளர்களை உள்ளே விட மாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தேன். எடுத்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், "நான்தாண்ணே" என்றேன்.

"நான்னா யாருங்க?" என்றது அந்தப் பக்கம். பிறகு சிரிப்பு, சிரிப்போடு இருமல். "உலகத்துல எல்லாருந்தான் நானுங்களே."

"அண்ணே..."

"அம்மிணி, என் கட்டிலு ஜன்னலோரந்தானுங்க. கீழ ரோடு நல்லாத் தெரியுது. ஒரு நடை வந்து நின்னீங்கன்னாப் பாத்துக்குவேன். இங்க எல்லாம் பிளாஸ்டிக் உடுப்பு போட்டுட்டு வாராங்க. யாரு மூஞ்சியும் தெரியறதில்லீங்க."

"கண்டிப்பா வர்றேண்ணே. நாளைக்கே வர்றேன்."

மறுநாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கஞ்சி வைத்து, திரும்பி வந்தால் ஸ்டோரில் சரக்கு மலையாகக் கிடந்தது. ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்தான் அந்த ஆஸ்பத்திரி. போகவில்லை. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையில் போன் செய்து, "வேலை தலைக்குமேல கெடக்குண்ணே. அதான் போன்ல பேசறோமே" என்றேன்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

"சரிங்க மேடம்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். பையில் சுற்றி, இழுத்து மூடி, நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஹனூரிலிருந்து வந்த வீட்டம்மாவுக்கு முகத்தைக் காட்டவில்லை. அந்தம்மா அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஓடி, "ஒருக்கா மூஞ்சியக் காட்டுங்க சாமி" என்று கேட்டதாகச் சொன்னார்கள். அதைப் பார்க்கவும் நான் போகவில்லை.

ஒரு மாசம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, ஆலைக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. வாசலில் நின்றேன், என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. கவுடரே வெளியே வந்தார். "யாரும்மா?" என்றார். மாஸ்க்கை இறக்கிக் காட்டினேன். அப்போதும் தெரியவில்லை அவருக்கு. எப்படித் தெரியும்? அவர் என் முகத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஹனூர் அண்ணாவின் ஆஸ்பத்திரி என்றேன். உடனே உள்ளே கூட்டிப் போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நாங்க அவரைப் போய்ப் பாத்தோம்," என்றார். "கடைசி வியாழக்கிழமை. அவர் வராத வியாழக்கிழமை எங்களுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. நாலு பேர் போனோம். உள்ள விடல. கீழ ரோட்டுல நின்னு மாஸ்க்கைக் கழட்டினோம். ஜன்னல்ல வந்தார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எங்க நாலு பேரையும் ஒவ்வொருத்தரா பாத்தார். சிரிச்சார்."

டீ வந்தது. கவுடர் அதை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்புறம் எங்களுக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாத்தாரும்மா. வண்டி நிறுத்தற பக்கம், பஸ் ஸ்டாப் பக்கம். இன்னும் யாரோ வரணும்ங்கற மாதிரி. யாருன்னு கையை ஆட்டிக் கேட்டேன். என்னமோ சொன்னார், கீழ கேக்கல. நர்ஸ் வந்து உள்ள கூட்டிப் போற வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்தார். அது யாரா இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானுங்க," என்றேன்.